எங்கள் ஏலக்காய் ஸ்டோர் தியாகியான கதை

தியாகி ஒருவர் வெள்ளைக்காரப் போலீசுக்குத் தப்பி ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் கட்டடம் எங்களுடையது. அது என்னைவிட இரண்டு வயது இளையது. நான் பிறக்கும்போதே வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போடியில் யாரும் மறுப்பதில்லை. "ஆமா தாயி, அது வேற" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எது வேற என்று கேட்டால் அதற்குள் பஸ்சு வந்துவிடும்.

ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஸ்டோர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செடியிலிருந்து எடுத்த பச்சைக்காயை உடனே சூட்டில் உலர்த்தியாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் புழுங்கி, வெளுத்து, பூசணம் பிடித்துவிடும். பிறகு எருக்குழிக்குத்தான். அதனால் தோட்டத்துக்குள்ளேயே ஒரு கட்டடம் கட்டி, அடுப்பு போட்டு, சூட்டைக் குழாய் வழியாக உள்ளே விட்டுக் காயை உலர்த்துவோம். அதுதான் ஸ்டோர். எங்கள் ஸ்டோர் போடியிலிருந்து மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏறும் ரோட்டிலிருந்து பிரிந்து, ஜீப்பு மட்டும் போகக்கூடிய தடத்தின் கடைசியில் இருக்கிறது. கருங்கல்லும் மண்ணும் வைத்து அப்பா கட்டியது. மேலே தகரம். உள்கட்டில் அடுப்புச் சூடு, முன்கட்டில் காயைக் கழுவித் தேய்த்துத் தரம் பிரிக்கிற வேலை. கட்டிய சில வருடங்களிலேயே புகை குடித்துக் குடித்துக் கிழடு தட்டிவிட்டது. பார்க்கிறவர்கள் திருமலை நாயக்கர் காலம் என்றாலும் நம்பலாம்.

முன்கட்டின் ஒரு சுவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தகரம் துருப்பிடித்து, மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து, சுவரின் மேல்பகுதி முழுக்கக் காவியாகிவிட்டது. நடுவில் பழைய சுண்ணாம்பு. அடியில், இடுப்பளவு உயரத்துக்கு, பச்சை. நடுச்சுண்ணாம்பில் பழைய புகைக்குழாய் போன ஓட்டை ஒன்று உண்டு. எலி வராமல் இருக்க அப்பா அதில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்தார்.

அடியில் இருந்த பச்சை எப்படி வந்தது என்று சொன்னால்தான் கதை நகரும். அந்தக் காலத்தில் நல்ல பச்சையாக இருக்கும் காய்க்குத்தான் ஏலத்தில் மதிப்பு. வெளுத்த காயை வியாபாரி விரலால் தள்ளிவிடுவார். ஆகவே பல ஸ்டோர்களில் ஒரு டப்பா சாயப்பொடி இருந்தது. அண்டாவில் கரைத்து, காயை அதில் போட்டுப் புரட்டி எடுப்பார்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்தார்கள். அப்பாவும் செய்தார். அப்பா எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாதவர். அண்டாவைக் கிண்டினால் சுவருக்கு ஒரு குளியல். என் பள்ளிக்கூடச் சட்டையின் கையில்கூடப் பச்சை இருந்தது. திருடிவிட்டு வந்தவள் போல அதை மடக்கி மடக்கி மறைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது போடியில் யாரும் சாயம் கலப்பதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். என் காயைப் பொறுத்தவரை அது உண்மை.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது சாயத்தைச் சோதிக்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அப்பாவுக்குச் செய்தி முன்னமே வந்துவிட்டதால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். டப்பாவை விறகுக்கு அடியில் தள்ளிவிட்டார். சுவரைத்தான் எங்கேயும் தள்ள முடியவில்லை. அதிகாரி உள்ளே வந்து, சுவரைப் பார்த்து, பேனாவால் காட்டி, "இது என்னய்யா?" என்றார்.

அப்பா அதுவரை பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. பயத்தில் மனிதருக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"கொடி சார்."

"என்ன கொடி?"

"தேசியக் கொடி சார். எங்கப்பா வரைஞ்சது. வெள்ளைக்காரன் காலத்துல."

அதிகாரி மேலே துருவைப் பார்த்தார், நடுவில் சுண்ணாம்பையும் ஓட்டையையும் பார்த்தார், கீழே சாயத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஒரு மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. பாலில்லாத கட்டன் சாயா குடித்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எங்கள் அடுப்புக்காரர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆள். அதிகாரி போகும் வரை வாயைத் திறக்காமல் நின்றவர், "மொதலாளி, இனி அந்தச் செவுத்துல துண்டு காயப் போடுறதா வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுப்புக்காரர் கேட்டால் விடுவாரா, மெட்டு வரை சொல்லிவிட்டார். அதிகாரியும் போகிற இடமெல்லாம் சொன்னார். அவ்வளவுதான், கதை தானாக வளர ஆரம்பித்தது. முதலில் தாத்தா கொடி வரைந்தார். அடுத்து, தாத்தா வீட்டுப் பரணில் தியாகி ஒருவர் ஒளிந்திருந்தார். அதற்கடுத்து, பரண் ஸ்டோருக்கு மாறியது. கடைசியாக நான் கேள்விப்பட்டதில், ஏலக்காய் வாசனையில் போலீஸ் நாய்க்கு மோப்பம் குழம்பி, அது போலீஸ்காரரையே கடித்துவிட்டதாம். என் தாத்தா உண்மையில் துரை பங்களாவில் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தவர். துரை ஊருக்குக் கிளம்பியபோது மெட்டு வரை கூடவே நடந்துபோய் அழுதுவிட்டு வந்தவர். அந்தக் குதிரையை நினைத்து அழுதார் என்று அப்பா சொல்வார். இருக்கலாம்.

வருடங்கள் ஓடின. அப்பாவுக்கு முழங்கால் போனது, தோட்டம் என் தலையில் விழுந்தது. காய் எடுப்புக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் ஸ்டோருக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அந்தச் சுவரை மட்டும் அடிக்கவிட மாட்டார் அப்பா. மலையடிவாரத்தில் ராசிங்காபுரத்து வீட்டிலிருந்து போனிலேயே கத்துவார். சொன்ன பொய் வெளுத்துவிடும் என்ற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். வயதானவரிடம் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். நான் சண்டையை விட்ட சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் இது நன்றாக நினைவிருக்கிறது.

போன ஆடி மாதம், காய் எடுப்பு ஆரம்பித்த சமயம், எங்கள் ஸ்டோரை நினைவுச்சின்னமாக்க ஒரு குழு வந்தது. பக்கத்து ஊரான தேவாரத்தில் யாரோ தியாகிகளுக்கு ஒரு நினைவு வளைவு கட்டிவிட்டார்களாம். போடிக்கு ஒன்று இல்லையே என்று எங்கள் ஏலக்காய் வியாபாரிகளுக்குத் தூக்கம் போய்விட்டது. குழுவின் தலைவர் அப்பாவின் பழைய சிநேகிதர், பெரிய வியாபாரி, கஞ்சி போட்ட கதர்ச் சட்டைக்காரர். கூடவே மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்கள். பேராசிரியர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. அவர் எதையும் நம்பினார்.

பேராசிரியர் சுவரின் முன்னால் நின்று கண் கலங்கினார். பிறகு ஓட்டையிடம் போனார். "இது அசோகச் சக்கரம்னா சுதந்திரத்துக்குப் பின்னாடி. ராட்டைன்னா முன்னாடி" என்று சொல்லி, அப்பா எலிக்கு அடித்த கம்பிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ராட்டை" என்று தீர்ப்புச் சொன்னார். குழுவினர் கை தட்டினார்கள்.

தலைவர் மட்டும் குனிந்து, பச்சையை விரலால் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தார். அந்தப் பச்சையைத் தெரியாத ஏலக்காய் வியாபாரி போடியில் கிடையாது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கொடிதான்" என்றார்.

நினைவுச்சின்னம் என்றால் ஒரு போர்டு மாட்டிவிட்டு, ஒரு வடை தின்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பேராசிரியர் அப்படி விடவில்லை. அடுப்பை அணைக்க வேண்டும் என்றார். புகையால் ஓவியம் கெட்டுவிடுமாம். சுதந்திர தினத்தன்று திறப்புவிழா. அதற்குப் பிறகு கதவுக்குப் பூட்டு, சுற்றிலும் வேலி.

"ஐயா, அந்தப் பொகையிலதான் அது இம்புட்டுக் காலமும் இருக்கு" என்றேன்.

"அதனால்தான் அம்மா, இனியாவது காப்பாற்ற வேண்டும்" என்றார் பேராசிரியர். அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

"செடியில காய் நிக்கிது. ஆளு எடுத்துக்கிட்டு இருக்காங்க. இதை எங்க கொண்டுபோய் உலர்த்துறது?" என்று தலைவரிடம் திரும்பினேன்.

"நாட்டுக்காக ஒரு வருசம் பொறுத்துக்கம்மா" என்றார் தலைவர். அவருடைய சொந்த ஸ்டோரில் அந்த நேரம் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அடுப்புக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, சாம்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஜீப்பில் பச்சைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு மலை முழுக்க அலைந்தேன். எந்த ஸ்டோரிலும் இடமில்லை. அவரவர் காய் அவரவருக்கு. இடம் கொடுத்த ஒருவரும் தன் காயெல்லாம் உலர்ந்த பிறகுதான் என்றார். அதற்குள் என் லோடு புழுங்கிப்போய்விட்டது. சாக்கை அவிழ்த்தபோது வந்த சூடும் வாடையும் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஒரு வருட உழைப்பு முழுசும் இப்படியே போய்விடும் என்று தோன்றியது. சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் வழக்கம்போலக் கோபம் வந்தது.

நேரே அப்பாவிடம் போனேன்.

"அப்பா, உண்மையைச் சொல்லிர்றேன். இல்லேன்னா தோட்டம் போச்சு."

அப்பா காபித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எதைச் சொல்லப் போற?"

"அது சாயம்னு."

"நான் கலக்குனேன்னு."

"ஆமா."

"சொல்லு ஆத்தா" என்றார் மெதுவாக. "ஆனா ஒன்னு. சொல்லும்போது நானும் அங்கன இருக்கணும். எனக்குப் பின்னாடி சொல்லிராத."

நான் எதிர்பார்த்தது சண்டை. தம்ளரைப் பிடுங்கிக் கழுவப் போய்விட்டேன்.

திறப்புவிழாவுக்கு ஏற்பாடு செய்யக் குழு எங்கள் ஸ்டோரிலேயே கூடியது. வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பலருக்கும் மலையில் சொந்த ஸ்டோர் உண்டு. அப்பாவை ஜீப்பில் தூக்கி உட்காரவைத்து அழைத்துவந்திருந்தேன். கொடியேற்றுவது யார், கேசரியா பொங்கலா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன்.

"இது கொடி இல்ல. மேல இருக்கிறது துரு. நடுவுல சுண்ணாம்பு. கீழ இருக்கிறது எங்கப்பா காய்க்குக் கலக்குன சாயம். அந்த ஓட்டை எலி ஓட்டை. இந்தக் கட்டடத்தை அவருதான் கட்டுனாரு, நான் பொறந்த பொறவு."

சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஊரறிய என் அப்பாவை நானே தலைகுனிய வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைத் தேடினார்.

"சாயமா?" என்றார் தலைவர், முகத்தை மிகவும் யோசனையாக வைத்துக்கொண்டு. "காய்க்கு எதுக்கும்மா சாயம்?"

"தெரியாதாண்ணே உங்களுக்கு?"

"கேள்விப்பட்டதே இல்லையே. ஏப்பா, நீங்க யாராச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

தலைமுறை தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்கிற அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காய்க்குச் சாயமா, அதெப்படி, அது எந்த ஊரில் என்று ஆச்சரியப்பட்டார்கள். அப்படி ஒரு நடிப்பை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. பேராசிரியர் குழம்பிப்போய் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் பின்னால் உட்கார்ந்திருந்த வயதான வியாபாரி தொண்டையைச் செருமினார். "ஐயா, எங்க ஸ்டோர்லயும் இதே மாதிரி கீழ பச்சையா ஒரு செவுரு இருக்கு. இதே பச்சை. அப்ப அதுவும் கொடிதானுங்களே?"

அவர் கெட்டிக்காரர். எங்கள் சுவர் சாயம் என்றால் அவர் சுவரும் சாயம். எங்கள் சுவர் கொடி என்றால் அவர் சுவரும் கொடி. மற்றவர்களுக்கும் இது விளங்கச் சற்று நேரம்கூட ஆகவில்லை. எங்களிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். மேலே காவி இல்லாதவர்கள், காவி அழிந்துவிட்டது என்றார்கள். வேறு வழியில்லாமல் தலைவரும் தன் ஸ்டோரில் ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

"இது ஒரு ஓவியம் இல்லை. இது ஒரு இயக்கம்!" என்றார் பேராசிரியர். மறுநாளிலிருந்து அவர் ஜீப்பு வைத்துக்கொண்டு மலை முழுக்கச் சுற்றினார். போகிற ஸ்டோரிலெல்லாம் பச்சை இருந்தது. போகிற ஸ்டோரிலெல்லாம், மிகுந்த மரியாதையோடு, உடனே அடுப்பை அணைக்கச் சொன்னார்.

காய் எடுப்பு மும்முரமாக நடக்கும்போது மலையில் உள்ள அத்தனை அடுப்பையும் அணைத்தால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தலைவர் என் வீட்டு வாசலில் நின்றார். சட்டையில் கஞ்சியைக் காணோம்.

"வெரசா போய் அடுப்பைப் பத்த வை தாயி."

"ஓவியம் கெட்டுப்போகுமேண்ணே?"

"நினைவுச்சின்னம்னா உசுரோட இருக்கணும். ஒழைக்கிற எடத்துல ஒழைப்பு நடக்கணும். நான் ஐயாகிட்டப் பேசிக்கிர்றேன்."

"நாட்டுக்காக ஒரு வருசம் பொறுத்துக்கக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்த பார்வைக்காகவே ஒரு லோடு காய் போனது பரவாயில்லை என்று தோன்றியது. பேராசிரியரிடம் என்ன பேசினாரோ, உழைக்கும் மக்களின் உயிருள்ள சின்னம் என்று அவரும் மகிழ்ச்சியாக ஒத்துக்கொண்டார். பூட்டும் இல்லை, வேலியும் இல்லை. அடுப்புக்காரர் அடுப்பைப் பற்றவைத்தார். தியாகியின் ஆவிக்கும் குளிராமல் இருக்கட்டும் என்று ஒரு விறகு கூடுதலாக வைத்தார்.

சுதந்திர தினத்தன்று கேசரி ஜெயித்தது. கொடியேற்றி, கை தட்டி, எல்லோரும் அடுத்தடுத்த ஸ்டோர்களில் கொடியேற்ற ஜீப்புகளில் கிளம்பிப் போனார்கள். அப்பா மட்டும் முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்கட்டில் என் காய் உலர்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் எனக்கு மனசு லேசாக இருந்தது.

"ஒருத்தரும் நம்பலையேப்பா. இனிமே அடுத்த வருசம் வெள்ளையடிச்சிருவோமா?" என்றேன் கேலியாக.

"அன்னிக்கு அந்த ஆபீசரு போனாருல்ல" என்றார் அப்பா. "அவரு ஜீப்பு சத்தம் ஓஞ்சதும் வெறகுக்கு அடியில இருந்து டப்பாவை எடுத்தேன். அண்டாவுல தண்ணியும் ஊத்திட்டேன். நிமிந்து பார்த்தா இந்தச் செவுரு. கொடின்னு நாந்தானே சொன்னேன். அவரு செருப்பைக் கழத்திட்டு வந்து நின்னாரு. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எப்படி ஆத்தா சாயம் கலக்குறது?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கலக்கலை. அதுக்குப் பொறவு ஒரு நாளும் கலக்கலை. ஒங்கம்மாகூட வெளுத்த காயைப் பார்த்துத் திட்டிக்கிட்டேதான் இருந்தா. செவுத்துக்கு வெள்ளையடிச்சா மறுபடி டப்பாகிட்டக் கை போயிருமோன்னு பயம். அதான் அடிக்கவிடலை."

எனக்கு அந்த வருடங்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் காயை ஏலத்தில் விரலால் தள்ளியது, அம்மா முணுமுணுத்தது, எனக்குப் புதுச் சட்டை இல்லாத தீபாவளி. அப்பா அதிகாரிக்குப் பயந்துதான் நிறுத்திவிட்டார் என்று இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன். கொஞ்சம் கோழை என்றுகூட நினைத்திருந்தேன். பொய்யாகச் சொன்ன ஒரு கொடிக்கு, ஒருத்தர் விடாமல் கலக்கிய ஊரில், ஒற்றை ஆளாக மரியாதை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கேசரி சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த வருடமும் காய் எடுப்புக்கு முன்னால் ஸ்டோருக்கு வெள்ளையடித்தோம். வந்த ஆள் புதியவர். எல்லாச் சுவரையும் முடித்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்கு வந்தார்.

"இதை விட்ருங்க" என்றேன்.

"ஏக்கா, இதுதானே இருக்கிறதுலயே அழுக்கு?"

"கொடிண்ணே, அது" என்றேன். "செருப்பைக் கழத்திட்டு வந்து பாருங்க."